உரியாவின் பெயரை விடாமல் வாசியுங்கள்: வேதாகமத்தின் தவறிய மனிதரோடு பழகப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வியாழக்கிழமை பின்னேரங்களில் திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பேர் கூடி வேதாகமம் வாசிக்கிறோம். மெதடிஸ்த சபைக்காரர் இருக்கிறார்கள், பேராலயத்துப் பூசைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், எந்தச் சபையிலும் சேராமல் வாசிக்க மட்டும் வருகிற ஒரு தம்பியும் இருக்கிறார். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குள் அந்த நாள் வந்துவிடும். ஞாயிறு பாடசாலையில் கவணும் கூழாங்கல்லுமாக அறிமுகமான தாவீது ராஜா, இன்னொருவன் மனைவியை வரவழைத்து, பிறகு அவளுடைய புருஷன் உரியாவையும் சாகக் கொடுத்தார் என்று வாசித்து நிமிரும்போது முகம் மாறியிருக்கும். "இவரையா கடவுளுடைய இருதயத்துக்கு ஏற்றவர் என்கிறீர்கள்?" என்று கேட்பார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். யாக்கோபு தகப்பனை ஏமாற்றியவர், மோசே கொலை செய்தவர், பேதுரு இயேசுவை மறுதலித்தவர். வேதாகமம் இவர்களில் யாரையும் மூடி மறைக்கவில்லை. ஆனால் முறை தெரியாமல் வாசித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். வெறுத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிடுவோம். இல்லாவிட்டால் "தாவீதே விழுந்தார், நான் எம்மாத்திரம்" என்று நம் தவறுக்குச் சாக்குத் தேடிக்கொள்வோம். எனக்கு இரண்டாவதைப் பார்த்தால்தான் அதிகப் பயம்.

தொடங்கும் முன்

ஒரு முழு வேதாகமம், ஒரு கொப்பி, ஒரு பேனை. கைப்பேசியிலும் வாசிக்கலாம், ஆனால் இந்த வாசிப்புக்கு அச்சுப் புத்தகம் நல்லது. ஒரு மனிதரின் வாழ்க்கை இருபது முப்பது அத்தியாயங்களில் பரந்து கிடக்கும். முன்னும் பின்னும் புரட்ட வேண்டி வரும். வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வருகிற ஒற்றை வசனத்தை வைத்து யாரையும் அறிந்துகொள்ள முடியாது.

சபைகளில் பெரும்பாலும் கையாளப்படுவது 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையில் உருவான பழைய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர் கையில் இருப்பது 1995இல் வெளிவந்த திருவிவிலியம். புதியவர்களுக்குத் திருவிவிலியத்தின் தமிழ் இலகு. பழையதின் ஓசை நன்றாக இருக்கும், வாய்விட்டு வாசிக்க இனிக்கும். பவருக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர் சைவரான ஆறுமுக நாவலர் என்பதைப் புதியவர்களுக்கு நான் எப்போதும் சொல்வேன். இந்தப் புத்தகம் தமிழுக்கு வந்த பாதையில் மற்றச் சமயத்தவரின் கையும் இருக்கிறது.

இரண்டு மொழிபெயர்ப்பும் ஒரே விறாந்தையில் இருந்தால் முதல் நாளே குழப்பம் வரும். ஆதியாகமமும் தொடக்க நூலும் ஒன்று. சங்கீதமும் திருப்பாடலும் ஒன்று. இராஜாக்கள் என்பதே அரசர்கள். இதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த பக்கத்தில் நான்கு கேள்விகள்:

இவர் என்ன செய்தார்?
அதனால் யாருக்குக் காயம்?
யார் அவரிடம் வந்து சொன்னது?
சொன்ன பிறகு அவர் என்ன செய்தார்?

ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பதில் கிடைக்காத இடத்தை வெறுமையாக விடுங்கள். நிரப்ப வேண்டுமே என்பதற்காக எதையும் எழுதாதீர்கள்.

முதலில் யோனா

நான்கு அத்தியாயம், 48 வசனம், கால் மணி நேர வாசிப்பு. துறைமுக ஊர்க்காரருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. கார்த்திகை, மார்கழியில் நம் கடல் எப்படி எழும்பும் என்று பார்த்தவர்களுக்கு, கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் எறிகிறவர்களின் பதற்றத்தை விளக்கத் தேவையில்லை.

இரண்டு தரம் வாய்விட்டு வாசியுங்கள். முதல் தரம் படிப்பினை எதையும் தேடாமல் கதையின் போக்கிலேயே போங்கள். கடவுள் நினிவே நகரத்துக்குப் போகச் சொன்னால் யோனா யோப்பாவில் கப்பலேறித் தர்ஷீசுக்குப் போகிறார். புயல் அடிக்கும்போது கப்பற்காரர் ஒவ்வொருவரும் தன் தன் தெய்வத்தைக் கூப்பிடுகிறார்கள். தீர்க்கதரிசி கீழ்த்தட்டில் தூங்குகிறார். என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள் என்று அவரே சொன்ன பிறகும், போட மனமில்லாமல் கரை சேர்க்கத் தண்டு வலிக்கிறார்கள் அந்த மனிதர்கள்.

இரண்டாம் தரம் வாசிக்கும்போது இந்த இடத்தில் நில்லுங்கள். கடவுளை அறிந்தவர் ஒரு நகரமே அழிந்தாலும் சரி என்று ஓடுகிறார். அவரை அறியாதவர்கள் முன்பின் தெரியாத ஒரு பயணிக்காகக் கை நோகத் துடுப்புப் போடுகிறார்கள். கோணேசர் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் விகாரைப் பிரித்தும் ஒரே காற்றில் வருகிற ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறோம். அயலவரின் நல்ல மனது கண்ணில் படாத பக்திதான் யோனாவின் பக்தி; அந்த நோய் நமக்கும் வரக்கூடியது.

நான்காம் கேள்வியில் சிக்கல் வரும். இரண்டாம் முறை சொன்னபோது யோனா நினிவேக்குப் போனார், அதை எழுதலாம். ஆனால் தவறினேன் என்ற ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. மீனின் வயிற்றில் அவர் செய்த ஜெபத்திலும் அது இல்லை. புத்தகம் கடவுளின் கேள்வியோடு முடிகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை. என் கொப்பியிலும் அந்த இடத்தில் "போனார்" என்ற ஒரு சொல் மட்டுமே நீண்ட காலம் கிடந்தது.

தாவீதுக்கு இரண்டு கிழமை

முதல் கிழமை 2 சாமுவேல் 11 மட்டும். 27 வசனம். கடைசி வசனத்தோடு புத்தகத்தை மூடி, தேத்தண்ணி குடித்து, வீட்டுக்குப் போய்விடுங்கள். பன்னிரண்டாம் அத்தியாயத்துக்குப் பாய வேண்டாம். மன்னிப்புக்கு அவசரப்பட்டால் காயத்தைப் பார்க்க மறந்துவிடுவோம்.

ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலம், தாவீது எருசலேமில் இருக்கிறார். சாயங்காலம் உப்பரிகையில் உலாவும்போது ஒரு பெண் குளிப்பதைக் காண்கிறார். யார் என்று விசாரிக்கிறார். உரியாவின் மனைவி பத்சேபாள் என்று பதில் வருகிறது. அதோடு நின்றிருக்கலாம். ஆளனுப்புகிறார். பத்சேபாள் மேல் பாதிப் பழியைப் போடுகிறவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அரண்மனையிலிருந்து ஆள் வந்து நின்றால் ஒரு படைவீரனின் மனைவி என்ன சொல்லிவிட முடியும்? தீர்க்கதரிசி நாத்தான் பிறகு வந்து பேசும்போது குற்றத்தைத் தாவீதின் மேல் மட்டுமே வைக்கிறார்.

உரியா ஏத்தியன், பிற இனத்தவன். போர்க்களத்திலிருந்து அவனை வரவழைத்து, வீட்டுக்குப் போய்க் கால் கழுவு என்கிறார் ராஜா. தோழர்கள் வெட்டவெளியில் கிடக்கும்போது நான் எப்படி என் வீட்டில் படுப்பேன் என்று அவன் அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொள்கிறான். அடுத்த இரவு குடிக்க வைத்தும் போகவில்லை. அப்புறம் ஒரு கடிதம். சண்டை மும்முரமான இடத்தில் உரியாவை நிறுத்திவிட்டு மற்றவர்கள் பின்வாங்குங்கள் என்று சேனாதிபதி யோவாபுக்கு எழுதிய கடிதம். அதைக் கொண்டுபோனவன் உரியா.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். இந்த வசனம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "அவன் பிரித்துப் பார்க்கமாட்டான் என்று ராஜாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அவன்ட நேர்மையை நம்பித்தான் அவனைக் கொன்றிருக்கிறார்." இருபது வருடமாக வாசித்த எனக்கு அது ஒருநாளும் பட்டதில்லை. கூடி வாசிப்பதால் வருகிற லாபம் இது.

இரண்டாம் கிழமை 12ஆம் அத்தியாயம். நாத்தான் ராஜாவிடம் போய் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்கிறார். அது அவன் சாப்பாட்டில் தின்றது, அவன் கிண்ணத்தில் குடித்தது, அவன் மடியில் படுத்தது, அவனுக்கு மகளைப்போல இருந்தது. ஐசுவரியவான் தன் மந்தையை விட்டுவிட்டு அந்தக் குட்டியை விருந்தாளிக்குச் சமைத்தான். தாவீதுக்கு நியாயமான கோபம் வருகிறது. அந்த மனுஷன் சாக வேண்டும், ஒன்றுக்கு நாலாகக் கொடுக்க வேண்டும் என்கிறார். "நீயே அந்த மனுஷன்" என்கிறார் நாத்தான்.

இங்கே விரலை வைத்துக்கொண்டு 1 சாமுவேல் 15ஐத் திறவுங்கள். தாவீதுக்கு முந்திய சவுல் ராஜாவிடமும் ஒரு தீர்க்கதரிசி வந்து நிற்கிறார். எதிரியின் ஆடுமாடுகள் உட்பட எல்லாவற்றையும் அழிக்கும்படி சவுலுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர் முதலில், சொன்னதைச் செய்துவிட்டேன் என்கிறார். ஆடுமாடுகளின் சத்தம் கேட்கிறதே என்றால், ஜனங்கள் பலிக்காக வைத்தார்கள் என்கிறார். பிறகு, பாவஞ்செய்தேன், ஜனங்களுக்குப் பயந்தேன் என்கிறார். கடைசியில், பாவஞ்செய்தேன், ஆனாலும் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்கிறார். தாவீது சொன்னது இது மட்டும்: "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்." காரணம் சொல்லவில்லை, மரியாதை கேட்கவில்லை, நாத்தானைச் சிறையில் போடவில்லை. செய்த குற்றத்தைத் தராசில் வைத்தால் தாவீதுடையதே பாரம் என்று எனக்குத் தோன்றுகிறது. வித்தியாசம் நான்காம் கேள்வியில்தான் இருக்கிறது.

ஆனால் இரண்டாம் கேள்வியை விட்டுவிட்டு நான்காம் கேள்விக்கு ஓடாதீர்கள். நான் ஒருமுறை அப்படி ஓடினேன். வீட்டில் பெரிய துரோகத்தைச் சந்தித்த ஓர் அக்காவிடம், "தாவீதையே ஆண்டவர் மன்னித்தாரே" என்று சொன்னேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, உரியாவிட்ட யார் மன்னிப்புக் கேட்டது?"

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு சங்கீதம் 51ஐ எடுத்தேன். நாத்தான் வந்த பிறகு தாவீது பாடியது என்று தலைப்பிலேயே இருக்கிறது. நாலாம் வசனத்தில் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று வருகிறது. அந்த "ஒருவருக்கே" தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. எல்லாப் பாவமும் முடிவில் கடவுளுக்கு எதிரானதுதான் என்று போதகர்கள் விளக்குவார்கள். சரி, ஏற்றுக்கொள்கிறேன். அந்த அக்காவுக்கு அது போதாது.

பிறகு உரியாவின் பெயரைத் தேடிக்கொண்டு போனேன். 2 சாமுவேல் 23இல் தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியல் இருக்கிறது. எல்லாருமாக 37 பேர். பட்டியலின் கடைசிப் பெயர் ஏத்தியனாகிய உரியா. 1 இராஜாக்கள் 15:5 தாவீதைப் புகழ்கிறது. புகழும்போதே உரியாவின் சங்கதி ஒன்று தவிர என்று சேர்த்துச் சொல்கிறது. மத்தேயு முதலாம் அதிகாரத்தில் இயேசுவின் வம்ச வரலாறு வருகிறது. நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன, தாவீதின் மகன் சாலொமோனைப் பெற்றவளைப் பத்சேபாள் என்று எழுதியிருக்கலாம். "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்றே எழுதியிருக்கிறது. மன்னிப்பு வந்த பிறகும் தாவீதின் பெயரோடு உரியாவின் பெயரை இந்தப் புத்தகம் கூடவே கொண்டுவந்திருக்கிறது. அந்த அக்காவிடம் போய் மூன்று இடத்தையும் காட்டினேன். விரலால் தடவி வாசித்தார். "அப்ப மறக்கேல்லை" என்றார்.

ஆகவே இது எங்கள் விறாந்தையின் விதி: இரண்டாம் இடத்தில் பெயர் எழுதாமல் நான்காம் இடத்துக்குப் போகக் கூடாது. ஆபிரகாம் என்றால் அவர் வனாந்தரத்துக்கு அனுப்பிவிட்ட அடிமைப்பெண் ஆகார். யாக்கோபு என்றால் ஏமாற்றப்பட்ட அண்ணன் ஏசா. தாவீது மன்னிக்கப்பட்டார் என்று சொல்ல ஆசைப்படுகிறவர்கள் 2 சாமுவேல் 13 தொடக்கம் 20 வரை அந்த எட்டு அத்தியாயங்களையும் வாசித்துவிட்டுச் சொல்லட்டும். மகள் தாமாருக்கு அண்ணன் அம்னோனால் அநியாயம் நடந்தபோது தாவீது கோபப்பட்டார். அதற்குமேல் அவர் எதுவும் செய்ததாக அங்கே இல்லை. தாவீதுக்கு எதிராக மகன் அப்சலோம் செய்த கலகத்தின் வேர் அங்கேதான் கிடக்கிறது.

பேதுருவைக் கடற்கரையில் வாசியுங்கள்

இதற்கு விறாந்தை வேண்டாம். முதல் நாள் இரவு வீட்டில் யோவான் 18ஐ வாசியுங்கள். மறுநாள் விடிய ஆறு மணிக்கு முன் உப்புவெளிப் பக்கமோ டச் பே கடற்கரைக்கோ போய், மணலில் இருந்து யோவான் 21ஐ வாசியுங்கள். கடல் அமைதியாக இருக்கும் சித்திரைக்குப் பிந்திய மாதங்கள் நல்லது. கரைவலை இழுக்கிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து அம்பாப் பாட்டோடு இழுத்து, மடி கரையில் ஏறும்போது எல்லாரும் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். சில நாள் மடி நிறையச் சூடை துள்ளும். சில நாள் பாசியும் இரண்டு கை மீனும். இரவெல்லாம் ஒன்றும் பிடிபடாமல் வந்த ஏழு பேரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரியும்.

கவனிக்க வேண்டியது நெருப்பு. யோவான் 18இல் பிரதான ஆசாரியனின் முற்றத்தில் ஊழியக்காரர் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள். பேதுருவும் அவர்களோடு நின்று குளிர்காய்கிறார், அங்கே நின்றே இயேசுவை மறுதலிக்கிறார். யோவான் 21இல் கரைக்கு வந்திறங்கும்போது மறுபடியும் கரிநெருப்பு, அதன்மேல் மீன். மூல மொழியில் இந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடத்தில் மட்டுமே வருகிறது. விடிகாலையில் கரையில் சிரட்டையும் சுள்ளியும் போட்டு மீன் சுடுகிற புகை மூக்கில் ஏறும்போது யோசித்துப் பாருங்கள், அந்தப் புகை பேதுருவுக்கு எதை நினைவூட்டியிருக்கும்? இயேசு உடனே கேள்வி கேட்கவில்லை. முதலில் சாப்பிடச் சொல்கிறார். சாப்பிட்ட பிறகுதான் "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று தரம். மூன்று தரம் மறுத்தவருக்கு மூன்று தரம்.

இதோடு பேதுரு முழுக்கத் திருந்திவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். கலாத்தியர் 2ஐயும் பாருங்கள். அந்தியோகியாவில் பிற இனத்தாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொள்கிறார். பவுல் எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கண்டிக்கிறார். பழைய பயம் வேறு ஊரில் வேறு உடுப்பில் வந்திருக்கிறது. பந்தியில் யாரோடு இருப்பது என்ற கேள்வி நம் ஊரில் இன்னும் தீரவில்லை என்பதால் இந்த அத்தியாயத்தை நான் ஒருநாளும் விடுவதில்லை.

மற்றவர்கள்

யாக்கோபுக்கு ஆதியாகமம் 27ஐயும் 32ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். கண் தெரியாத தகப்பன் நீ யார் என்று கேட்டபோது "நான் ஏசா" என்றவர், இருபது வருடம் கழித்து யாப்போக்கு ஆற்றங்கரையில் விடியும்வரை போராடும்போது "உன் பேர் என்ன" என்ற கேள்விக்கு "யாக்கோபு" என்று உண்மையைச் சொல்கிறார். நொண்டிக்கொண்டுதான் அங்கிருந்து போகிறார். யாக்கோபின் மகன் யூதாவுக்கு ஆதியாகமம் 38உம் 44உம். மருமகள் தாமாரைப் பற்றி "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்று ஊர் அறியச் சொன்னவர்தான், பிற்பாடு தம்பி பென்யமீனுக்குப் பதிலாகத் தான் அடிமையாக இருக்க முன்வருகிறார்.

மனம் உடைந்து வருகிறவர்களுக்குத் தீர்க்கதரிசி எலியா, 1 இராஜாக்கள் 19. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவருக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. சாப்பாடும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பாடு கொடுக்கிறான். சிம்சோனையும் யெப்தாவையும் புதியவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. எபிரெயர் 11இல் விசுவாசிகளின் வரிசையில் அவர்களின் பெயரும் இருக்கிறது, உண்மை. ஆனால் தகப்பனின் பொருத்தனைக்கு இரையான யெப்தாவின் மகளின் கதையைத் தனியே இருந்து வாசிக்கக் கூடாது. ஒரு வருடம் போகட்டும்.

கூடிக் கதைக்கும்போது

மற்றவரின் வாழ்க்கையை உதாரணத்துக்கு எடுக்காதீர்கள். சின்ன ஊர், பெயர் சொல்லாவிட்டாலும் யார் என்று தெரிந்துவிடும். உங்கள் சொந்தப் பாரத்தையும் முதல் நாளே முழுக் குழுவின் முன் கொட்ட வேண்டாம். நம்பிக்கையான போதகரிடமோ பாதரிடமோ தனியே போங்கள். யாருக்காவது தீங்கு செய்திருந்தால் ஜெபம் மட்டும் போதாது, அவரிடம் போக வேண்டும். ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ இப்போது தீங்கு நடக்கிறது என்று குழுவில் தெரியவந்தால் தாவீதின் மன்னிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு இருக்காதீர்கள். அந்தப் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய்ப் பொலிசில் சொல்லுங்கள்.

முஸ்லிம் நண்பர்களோடு இந்தக் கதைகளைப் பேசும் வாய்ப்பு இங்கே நிறைய வரும். தாவீது அவர்களுக்குத் தாவூத் நபி. நபிமார் பாவத்திலிருந்து காக்கப்பட்டவர்கள் என்பது அவர்களின் நம்பிக்கை. ஆகவே உரியாவின் கதையை எடுத்த எடுப்பில் சொல்லி மனதை நோகடிக்காதீர்கள். முதலில் அவர்களிடம் கேளுங்கள். என்னோடு படிப்பிக்கிற கிண்ணியா ஆசிரியர் ஒருவரிடம் ஒரு இடைவேளையில் யோனாவைப் பற்றிக் கேட்டேன். "யூனுஸ் நபிதானே சேர், மீன் வயிற்றிலிருந்து அவர் கேட்ட துஆவைக் கஷ்டம் வந்தால் நாங்கள் ஓதுவோம்" என்று அரபியில் ஓதிக் காட்டிவிட்டுத் தமிழிலும் சொன்னார்: உன்னைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை, நீ தூயவன், நிச்சயமாக நான் அநியாயக்காரரில் ஒருவனாகிவிட்டேன். மணி அடித்துவிட்டது, இருவரும் வகுப்புக்குப் போனோம். அன்றிரவு கொப்பியை எடுத்து, யோனாவின் பக்கத்தில் "போனார்" என்பதற்குக் கீழே அந்தக் கடைசி வரியைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் கிண்ணியா சேர் சொன்னது என்று குறித்து வைத்தேன்.